வலதுக்கு இரண்டு தட்டு

காலையில் படகின் ஸ்டியரிங் பம்ப்பில் கழுத்துவரை ஊற்றிய ஆயில், மத்தியானத்துக்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இறங்கட்டும், எங்கேயாவது ஒழுகியிருக்க வேண்டுமல்லவா? வீல் ஹவுஸிலிருந்து பின்தளத்துக்கு ஓடும் இரண்டு ஆயில் ஹோஸ்களையும் மெக்கானிக் இளம்பரிதி மூட்டு மூட்டாகப் பழந்துணியால் துடைத்துப் பார்த்தான், அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தான், சிலிண்டர் ஓரத்தில் விரலை ஓட்டி முகர்ந்துகூடப் பார்த்தான். பொட்டு ஈரம் இல்லை. ஆனால் ஆயில் போன இடத்தில் காற்று புகுந்துவிட்டது. சக்கரம் கொழகொழவென்று சுற்றியது, சுக்கான் அசையவில்லை.

விடிந்தால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போகும். இந்தப் படகில் சக்கரம் பிடிக்கப்போவது இராமதாஸ், இளம்பரிதியின் மனைவி நிர்மலாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அதை நினைத்து இளம்பரிதி ஹோஸ்களை மறுபடி ஒருமுறை துடைத்துப் பார்த்தான். ஏன் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஸ்டியரிங்கில் காற்றெடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவன் மேலே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இன்னொருவன் பின்தளத்துக்கு அடியில், சுக்கான் குழிக்குள் படுத்து, சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஆயிலைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். குழிக்குள்ளிருந்து கத்தினால் வீல் ஹவுஸுக்குக் கேட்காது. அதனால் ஸ்பேனரால் மரத்தில் தட்டுவார்கள். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது.

போன வருஷம் இதே படகில், இதே நாளில், மேலே நின்று சுற்றியவர் டிரைவர் கலியபெருமாள். இளம்பரிதி இடப்பக்கத்தை மட்டும் முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வலப்பக்க நிப்பிளுக்குப் போக, சுக்கானைத் திருப்பும் இரும்புக் கைக்கும் படகின் விலாக்கட்டைக்கும் நடுவே நெஞ்சைச் செருகிக்கொண்டு படுக்க வேண்டும். கோயிலில் படையலுக்கு வேறு நேரமாகிவிட்டது.

"வலதுக்குத் தட்டவே இல்லியேப்பா?" என்றார் கலியபெருமாள்.

"தேவயில்லண்ணே. சரியாத்தான் இருக்குது."

மறுநாள் முகத்துவாரத்தில் படகு வலது பக்கம் திரும்பவில்லை. அலைதடுப்புக் கருங்கல்லில் மோதியது. கலியபெருமாளின் உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஊர் பேசியது. இளம்பரிதியும் கூடச் சேர்ந்து ஆமாம் போட்டான், வெட்கங்கெட்டவன். முதலாளி ஜானகிராமன் படகைப் பழுது பார்த்து, மறுபடி அவனிடமே ஒப்படைத்திருந்தார்.

இன்றைக்கும் கோயிலில் பொங்கல். துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை. ஒலிபெருக்கி மட்டும் உப்பளம்வரை கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. இராமதாஸைச் சக்கரத்தில் நிறுத்திவிட்டு இளம்பரிதி குழிக்குள் இறங்கினான். வெளியே சுள்ளென்ற வெயில், உள்ளே டார்ச்சின் மஞ்சள் வட்டம், டீசலும் மீன்கழிவும் கலந்த புழுக்கம். இடப்பக்கம் சொன்னபடி கேட்டது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அப்பால் ஊர்ந்து, நெஞ்சைச் செருகிப் படுத்து, வலப்பக்க நிப்பிளைத் திறந்தான். இரண்டு தட்டினான். மேலே சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது.

குமிழிகள் வந்தன. ஒரு பாட்டில் நிறைந்து இரண்டாவதும் பாதி ஆனது, நிற்கவில்லை. ஆயிலில் சேற்றுவாடை அடித்தது, முகத்துவாரத்துச் சேறு. கொஞ்சம் வந்தது, நின்றது. கொஞ்சம் வந்தது, நின்றது. ஒரு மனிதன் மூச்சு விடுகிற கணக்குக்கு. இளம்பரிதிக்குத் தன் மூச்சை விடவே பயமாக இருந்தது. ஆனாலும் பாதியில் போக மனம் வரவில்லை. போன தடவை அப்படித்தானே போனான்.

குழியின் வாயில் நிழல் விழுந்தது.

"மாமா, பொங்கல் வாங்கினு வந்துட்டேன். இடது முடிஞ்சதுமே ஓடிட்டேன், நீங்க ஊர்ந்து போறதுக்குள்ள வந்துடலாம்னு. நேரமாயிடுச்சா?"

அப்படியானால் இவ்வளவு நேரம் சக்கரத்தைச் சுற்றியது யார்?

பாட்டிலில் குமிழிகள் சட்டென்று நின்றன. சுத்தமான ஆயில். பழகிய கை, தானாகவே நிப்பிளை இறுக்கியது. நீங்கள் தட்டுங்கள், நான் சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு இராமதாஸ் வீல் ஹவுஸுக்குப் போய்விட்டான்.

நிப்பிள் திறந்திருக்கும்வரை ஆயில் வெளியே போகும், இரும்புக் கை அசையாது. மூடிவிட்டால் அசையும். வலதுக்குச் சுற்றினால், அவன் படுத்திருக்கும் பக்கம் வரும்.

வெளியே போய்விட வேண்டும். உடனே. முழங்கையை ஊன்றினான்.

டொக். டொக்.

அவன் தட்டவில்லை. முதுகுக்குக் கீழே, பலகைக்கு அந்தப் பக்கம், தண்ணீரிலிருந்து.

மேலே சக்கரம் சுற்றியது. இரும்புக் கை ஒரு விரற்கடை நகர்ந்து நெஞ்சைத் தொட்டது. ஸ்டியரிங்கில் துளிக் காற்று இல்லை. இம்மியும் வழுக்காமல் வந்தது. கத்தினான். ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. நெஞ்சு சிக்கியதில், ஸ்பேனர் பிடித்த கை நிப்பிளுக்கு எட்டவில்லை. மரத்துக்கு எட்டியது.

இடது. ஒரு தட்டு போதும்.

தட்டினான்.

அந்தச் சத்தம் அடங்குமுன், அடியிலிருந்து இன்னொரு தட்டு வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

மேலே இராமதாஸ், மாமா கேட்டபடியே, மறுபடியும் வலதுக்கே சுற்றத் தொடங்கினான். நிதானமாக. சுற்றுக்கு மேல் சுற்றாக.