ஜாஸ்லின் கேசட்

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நான்கு நிமிடத்தில் ஏறிவிட வேண்டிய விளையாட்டு ஒன்பது நிமிடமாகியும் ஏறிக்கொண்டே இருந்தது. டிவி திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் கோடுகளாக ஓட, டேப் ரெக்கார்டரிலிருந்து கிளம்பிய கீச்சொலி, ஜன்னல்கள் மூடிய அறையின் பிற்பகல் வெக்கையோடும் சூடேறிய தூசியின் வாடையோடும் சேர்ந்து ரெங்கராஜின் காதைக் குடைந்தது.

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர். முப்பத்தாறு வருடம் பரணில் கிடந்தது. யாரோ இப்படியொன்றை ஓட்டிக்காட்டிய வீடியோவை போனில் பார்த்ததிலிருந்து கை அரித்தது. ஆசை வெட்கம் அறியாது. மனைவி பானுமதி ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டுக்குப் போன சமயம் பார்த்து இறக்கிவிட்டான். விளையாட்டு இருந்த ஒரே கேசட்டை அவளுக்குக்கூட அவன் காட்டியதில்லை.

பாலக்கரையில் அவன் வீட்டுக்கும் சகாயம்மாள் டீச்சர் வீட்டுக்கும் ஒரே சுவர். டீச்சரின் ஒரே மகள் ஜாஸ்லின் எட்டு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் குரல் இருந்தது ஒரு கேசட்டில் மட்டும், அதுவும் மொத்தமே நான்கு நிமிடம். கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தாது; டீச்சர் இரண்டையும் உடைத்து வைத்திருந்தார். ரெங்கராஜ் வீட்டில் இரண்டு கேசட் போடும் டபுள் டெக் இருந்ததால், "ஒரு காப்பி எடுத்துக் குடு தம்பி" என்று நம்பிக் கொடுத்தார்.

அப்போது அவனுக்குப் பதினாறு வயது. நண்பன் அந்த விளையாட்டை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கொடுத்திருந்தான். வெற்றுக் கேசட் கைவசம் இல்லை. மறுபக்கம் காலிதானே என்று உடைந்த ஓட்டைகளில் செலோடேப்பை ஒட்டி, அவசரத்தில் பக்கம் மாறி, ஜாஸ்லின் குரலின் மேலேயே விளையாட்டைப் பதிந்துவிட்டான்.

"டேப் சிக்கி அறுந்துடுச்சு டீச்சர்."

"பரவால்லப்பா. நீ என்ன பண்ணுவ."

அன்றைக்கும் டீ போட்டுக் கொடுத்தார். இன்றுவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவன் நினைத்தான், நினைத்து நினைத்துக் கூசினான். சொல்லத்தான் வாய் வரவில்லை.

கீச்சொலி சட்டென்று இளைத்தது. அதற்குள் ஏதோ கேட்டது. மூச்சு. ஒரு சின்ன இருமல்.

"அம்மா, ஓடுதா?"

ரெங்கராஜ் எழுந்துவிட்டான். அழிந்த குரல் எப்படி வரும்?

"பாடவாம்மா?"

சத்தத்தைக் குறைத்தான். குறையவில்லை. ஸ்டாப் பட்டனை அழுத்தினான். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். கேசட் சுற்றியது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கைத்தடி சத்தம். பிறகு வாசல் கதவில் தட்டல்.

"தம்பி ரெங்கராஜு, உள்ள யாருப்பா? என் புள்ள குரல் மாதிரி கேக்குதே?"

திறந்திருக்கலாம். காலில் விழுந்து அழுதிருக்கலாம். ஆனால் செய்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கம், அந்தக் குரலின் மேலிருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ரெங்கு அண்ணா," என்றது கேசட். "அழிக்காதீங்கண்ணா."

மஞ்சளாகிப்போன செலோடேப் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான்.

குரல் நின்றது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். "ஒண்ணுமில்ல டீச்சர். பழைய கேம்."

டீச்சர் கண்கள் கலங்கி நின்றார். அவன் தோளுக்குப் பின்னால் தேடினார். வாயைத் திறந்தார். உதடுகள் ஜாஸ்லின் என்று அசைந்தன.

சத்தமில்லை.

மறுபடி முயன்றார். கைத்தடி விழுந்தது. தொண்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். திறந்த வாயிலிருந்து கீச்சொலி வந்தது. நிற்காமல் வந்தது. பயந்துபோன அந்தக் கண்கள் அவனையே பார்த்தன. முகத்தின் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் கோடுகளாக ஓடத் தொடங்கின.

அவனுக்குப் பின்னால், ரெக்கார்ட் பட்டன் அழுந்தியபடியே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.