திரும்பக் கொட்டிய அரிசி

பொழிச்சலூர் வீட்டின் பூட்டு எளிதில் திறக்கவில்லை. பூட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. மாணிக்கவேல் பையைப் படியில் வைத்துவிட்டு, சாவியை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினார். தலைக்கு மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்தைப் பார்த்து இறங்கிப் போனது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கி ஓய்ந்த நேரத்தில் பூட்டும் விட்டுக்கொடுத்தது.

கதவைத் தள்ளியதும் வாடை வந்தது.

அடைத்துக் கிடந்த வீட்டுக்கு ஒரு வாடை உண்டு. தூசி, பல்லி எச்சம், வறண்டுபோன சாக்கடை. அதெல்லாம் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. கண்ணைக் கரித்துக்கொண்டு மூக்குக்குள் ஊசிபோல ஏறுகிற வாடை. பம்மல் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோதனைக்கூட அலமாரியில் தவளையும் பாம்பும் மிதக்கும் ஜாடிகளைத் திறந்தால் அதுதான் வரும். ஃபார்மலின்.

பக்கத்தில் எங்கோ புது பிளைவுட் அறுக்கிறார்கள் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். சாயங்காலம்வரை திறந்தே கிடந்தும் வாடை போகவில்லை. சமையலறையில்தான் அதிகமாக இருந்தது.

அவருடைய மனைவி செல்வம்மாள் அந்தச் சமையலறையில்தான் விழுந்தாள். 2006, மாசி மாதம். காபி டம்ளரை நீட்டியவள் அப்படியே சரிந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்ததும், மாணிக்கவேல் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு போன் பக்கம் போனார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானம் செய்யும் படிவம். ஆறு வருஷத்துக்கு முன்பே இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் போட்டாள். அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, அங்க குளிருமா?"

அவர் சிரித்துவிட்டார். "செத்தவங்களுக்கு ஏது செல்வம் குளிரு?"

அவருக்குச் சடங்குகள் பிடிக்காமல் போனது படித்த புத்தகத்தால் அல்ல. பதினாறு வயதில் அப்பா செத்தார். பத்தாம் நாள் ஊரே கூடி நிற்க, அம்மாவை உட்காரவைத்து வளையல்களை உடைத்தார்கள். ஒரு துண்டு மணிக்கட்டில் இறங்கி ரத்தம் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சடங்கு என்று யார் சொன்னாலும் அவர் காதில் அந்தக் கண்ணாடி உடையும் சத்தம்தான் கேட்கும். என் வீட்டில் அது நடக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அதனால் செல்வம்மாளுக்குச் சங்கு இல்லை, மேளம் இல்லை, கோடித்துணியும் இல்லை. தெருப் பெண்கள் வாசலோடு நின்றார்கள். மகள் ஜெயஸ்ரீ மட்டும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அரிசி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு பிடி, அப்பா. வாய்க்கரிசி மட்டும். இதனால உங்க கொள்கைக்கு என்ன ஆயிடப் போகுது?"

"பொணத்துக்குப் பசிக்காது, ஜெயா. கொண்டுபோய்க் கொட்டு."

ஒரு மணி நேரத்தில் வேன் வந்தது. அவர் அழவில்லை. முகத்தைச் சரியாகப் பார்த்தாரா என்றுகூட அவருக்கு நினைவில்லை. வேன் முனை திரும்பியதும், "நல்ல காரியம் செஞ்சோம்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார்.

அதன் பிறகு நாலு மாதம் சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டில் இருந்தார். ஜெயஸ்ரீ வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. ஆனி மாதத்தில் ஒருநாள், "நம்ம வீட்டுக்கே போறேம்மா" என்றார். அவள் தடுக்கவில்லை.

*

வந்த மூன்றாம் நாள் பிற்பகல், மூன்று மணி இருக்கும். மாணிக்கவேல் முன்னறையில் ஈசி சேரில் சாய்ந்திருந்தார். தெரு வெயிலில் உறைந்து கிடந்தது.

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

நொறுக். நொறுக்.

எலியாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் எலி அவ்வளவு நிதானமாகக் கடிக்காது. ஒரு வாய் மெல்லுவதும், கொஞ்சம் நிறுத்துவதும், மறுபடி மெல்லுவதுமாக இருந்தது. முப்பத்தேழு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம் அது. செல்வம்மாள் முறத்தில் கல் பொறுக்கும்போதெல்லாம் ஒரு வாய் அரிசியைப் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். "ரத்தசோகைக்கு அறிகுறி அது, மாத்திரை சாப்பிடு" என்று அவரும் முப்பத்தேழு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. அரிசி டின்னின் மூடி திறந்திருந்தது. உள்ளே, ஒரு கை அள்ளிய பள்ளம். தரையில் சுவரோரமாகப் பத்துப் பதினைந்து அரிசி சிந்திக் கிடந்தது. குனிந்து ஒன்றை எடுத்தார். பாதி மென்றது. ஈரம். முகர்ந்ததும் கண்ணில் நீர் வந்தது. அதே வாடை.

எலிப்பொறி வாங்கிவந்து வடை வைத்தார். வடை காய்ந்து கல்லானதே தவிர எதுவும் சிக்கவில்லை. டின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். மறுநாள் குழவி கீழே, ஒரு குழந்தையைப் படுக்கவைத்ததுபோலத் துணிமேல் கிடந்தது. ஒவ்வொரு பிற்பகலும் சத்தம் வந்தது. ஒவ்வொரு பிற்பகலும் மென்று துப்பிய அரிசி தரையில் கூடிக்கொண்டே போனது. தொண்டைக்குள் ஒரு மணிகூட இறங்கவில்லை போலிருந்தது.

எட்டாம் நாள் சத்தம் சமையலறையில் கேட்கவில்லை.

ஈசி சேருக்குப் பின்னால் கேட்டது.

நொறுக்.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் என்ன இருக்கும் என்பதைவிட, எதுவுமே இருக்காதோ என்பதுதான் அந்த நொடியில் அவருக்குப் பயமாக இருந்தது.

"செல்வம்?"

மெல்லுவது நின்றது.

"என்ன வேணும் உனக்கு?"

நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்த அவருடைய வலது கையைக் குளிர்ந்த விரல்கள் தொட்டன. வழவழவென்று, ஈரமாக, தண்ணீரில் வெகுநாள் ஊறிய தோல். அவை அவருடைய மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. அவசரமே இல்லை. சுண்டுவிரல் ஒன்று நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

கல்யாணத்தன்று பிடித்த கை.

அது அவருடைய கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் மெல்ல இழுத்தது. கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு, வலுவில்லாததுபோல விட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார்.

"ஜெயா, அன்னிக்கு அம்மாவுக்குன்னு எடுத்துட்டு வந்தியே அரிசி. அத என்ன பண்ணின?"



"டின்னுலயே கொட்டிட்டேன்பா. நீங்கதானே கொட்டச் சொன்னீங்க."

எட்டு நாளாக அவர் அந்த டின் அரிசியைத்தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலையில் அந்த டின்னிலிருந்து ஒரு பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். உடற்கூறியல் துறையில் இருந்த அம்மையார் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார். நன்றிகூடச் சொன்னார். ஆனால் குடும்பத்தாரை உள்ளே விடுவதில்லை, பார்த்தால் மனசு தாங்காது சார் என்றார். மாணிக்கவேலும் அந்த விதியைச் சரி என்றுதான் நினைத்தார். எழுந்து வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பின்னாலேயே வந்தார். உடல்கள் வைத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிற ஊழியர், சவுரிமுத்து.

"யார் சார் உங்களுது?"

"என் வீட்டுக்காரம்மா. செல்வம்மாள். மாசி மாசம் வந்தாங்க."

சவுரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "இங்க வர்ற எல்லாருக்கும் ஒரு பிடி அரிசி போட்டுத்தான் சார் நான் மருந்துத் தொட்டில உடுவேன். எந்த சாதி, எந்த மதம்னு பாக்கறதில்ல. டாக்டருங்களுக்குத் தெரியாது. உங்க வீட்டம்மாக்கு மட்டும் போட முடியல. வாய இறுக்கி மூடிகினு கீது. நாலு தபா பாத்துட்டேன்."

மாணிக்கவேல் சமையலறைச் சத்தத்தைச் சொன்னார். வேறு யாரிடமும் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"தானே எடுத்துத் துன்னா அது வாய்க்கரிசி ஆவாது சார்" என்றார் சவுரிமுத்து. "அதான் எறங்க மாட்டேங்குது."

மாணவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

நீளமான அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர். உள்ளே போனதும் வெளியே இருந்த வெயில் பொய்போல ஆகிவிட்டது. அவ்வளவு குளிர். கடைசி மேஜையில், ஈரத் துணிக்கு அடியில் அவள் இருந்தாள். சவுரிமுத்து முகத்தை மட்டும் விலக்கினார். நிறம் மாறியிருந்தது. தலைமுடி இல்லை. வேறு யாரோ என்று சொல்லிவிட்டு ஓடிப்போக அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் துணிக்கு வெளியே அந்த வளைந்த சுண்டுவிரல் தெரிந்தது.

மாணிக்கவேல் கைக்குட்டையை அவிழ்த்தார். மூன்று விரலால் அரிசியை எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனார். பாதி கழுத்தில் கொட்டியது.

அவர் தொடவில்லை. சவுரிமுத்துவும் தொடவில்லை.

உதடுகள் பிரிந்தன.

மூன்று முறை போட்டார். உதடுகள் மறுபடி மூடிக்கொண்டன. அவ்வளவுதான். சவுரிமுத்து சிலுவை போட்டுக்கொள்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. மாணிக்கவேலுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாலு மாதத்துக்கும் சேர்த்து வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும். எதையும் சொல்லிப் பழக்கமில்லை. வாசலில் நின்று யாரை வழியனுப்பினாலும் சொல்கிற வார்த்தைதான் நாக்கில் இருந்தது.

"போயிட்டு வா, செல்வம்."

சவுரிமுத்து அவர் கையைப் பிடித்தார். "இன்னா சார் சொல்லிட்டீங்க. போனவங்ககிட்ட அப்டி சொல்லக் கூடாது சார். போன்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

மாணிக்கவேல் வாயைத் திறந்தார். ஒரே ஒரு எழுத்து. அது வரவில்லை. மறுபடி முயன்றார். சவுரிமுத்து காத்திருந்து பார்த்துவிட்டு, பெருமூச்சோடு துணியை இழுத்து முகத்தை மூடினார்.

கல்லூரி வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்து ஊரைச் சொன்னார். ஆட்டோ பம்மல் வழியாக வந்தது. மேடுபள்ளம் வரும்போது மட்டும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் மாணிக்கவேல் இறங்கினார். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பினால், ஆட்டோ இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் பின் இருக்கையைப் பார்த்துக் கரிசனமாகப் பேசினார்.

"பொறுமையா எறங்கும்மா. அவசரம் இல்ல."

பிறகு மாணிக்கவேலை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் நின்னுகினு கீற? கைய குடு. அம்மாவால முடியல பாரு."

இருக்கையில் வெயில் விழுந்து கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மாணிக்கவேல் கையை நீட்டினார்.

ஆட்டோ அவர் பக்கமாக லேசாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.