கண்ணையன் ஏறிய கப்பல்

நவம்பர் இரண்டாம் தேதி, காலை ஆறு இருபது. திண்டிவனத்து வீட்டுச் சமையலறையில் நின்றபடி அமலா இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். கல்லறைத் திருநாள். மாலைப் பூசையில் வாசிப்பதற்கு, குடும்பத்துக்கு ஒரு சீட்டு கோயில் பெட்டியில் போட வேண்டும்.

மாமியார் ஜெயம் எட்டிப் பார்த்தாள்.

"கடைசியில இன்னாது? கண்ணையனா?"

"எங்க தாத்தா, அத்தே."

"ஓடிப்போனவன் பேரு எங்க அப்பா பேருக்குக் கீழயா! எங்க அத்தைய வயித்துப் புள்ளையோட வுட்டுட்டுப் போனவன்... எந்த ஊர்ல எவளோட குடித்தனம் பண்ணானோ! அடிச்சிடு அத."

இருபத்தெட்டு வருடமாக இதே பேச்சு. அந்த வயிற்றுப் பிள்ளைதான் அமலாவின் அப்பா இன்னாசி. மகளின் கல்யாணப் பந்தியில் இதைக் கேட்டு எழுந்து தன் ஊரான பெருமுக்கல்லுக்குப் போனவர், பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அமலா பெயரை அடித்தாள்.

"அம்மா!" மகள் ரோஜா போனோடு உள்ளே வந்தாள். "போதும்மா. ஆயா, இதக் கேளு. உங்க அப்பா ஏற வேண்டிய கப்பல் அம்பத்தி மூணுல போர்ச்சுகல் பக்கம் புயல்ல முழுகிடுச்சி. செத்தவங்க லிஸ்ட்டு, கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்டு வாங்கினேன். பதினாலாவது பேரு தேவசகாயம். திண்டிவனம் தாலுக்கா. கரி தள்றவரு."

"அது எங்க அப்பாடி! அவரு தொண்ணூத்தெட்டுல, இதோ, இந்தக் கூடத்துல கஞ்சி குடிச்சிட்டு செத்தாரு. கடல்ல எங்கடி செத்தாரு?"

டீ குடித்துக்கொண்டிருந்த அமலாவின் கணவன் ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டான். "தாத்தா ரெண்டு வாட்டி செத்திருக்காரும்மா!"

ஜெயமும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவளுக்குத் தெரிந்த கதைதான். கப்பல் வேலைக்கான அடையாளப் புத்தகம் அப்பாவிடம் இருந்தது. வழியனுப்ப அத்தை புருஷன் கண்ணையனும் சென்னைத் துறைமுகம் போனார். அங்கே அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. திரும்பி வந்தது அப்பா மட்டும். கண்ணையன் எங்கே என்று கேட்டால், தெரியாது என்றார். சாகும்வரை அதே பதில்.

"எங்க அப்பா புஸ்தகத்துல... அவரு ஏறிட்டாரா?"

"அடுத்தவன் புஸ்தகத்துல ஏறினா, குடுத்தவருக்கும் ஜெயிலு. உங்க அப்பா பயந்துட்டாரு ஆயா."

ஜெயம் மருமகளைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்திச்சி?"

"ஒரு மாசம் ஆவுது," என்றாள் ரோஜா. "அம்மாதான் சொல்லாதன்னாங்க."

"ஒரு மாசமா தெரிஞ்சிக்கினு... நான் பேசினதெல்லாம் வாங்கிக்கினு இருந்தியா! ஏன்டி?"

"உங்க அப்பா பேரு கெட்டுப் பூடும் அத்தே..."

ஜெயம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"அழுங்க, அழுங்க. பால் போனா போவுது," என்றான் ஆரோக்கியராஜ்.

"கிண்டல் பண்ணாம ஜல்தி ஆட்டோ புடிடா. பெருமுக்கல் போவணும்."

புதுச் சீட்டில் கண்ணையன் பெயரை முதலில் எழுதச் சொல்லிவிட்டு ஜெயம் தனியாகவே போனாள்.

மாலைப் பூசைக்கு இன்னாசி வந்திருந்தார். அப்பா பெயருக்காக மட்டும் வந்ததாகச் சொன்னார். ஜெயத்தின் முகம் பார்க்கவில்லை.

பாதிரியார் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். "கண்ணையன்."

எழுபத்தொரு வயது இன்னாசி, வகுப்பில் தன் பெயரைக் கேட்ட பிள்ளைபோல் எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அமலா எழுந்தாள். ஜெயமும் எழுந்தாள். இன்னாசியின் முகமெல்லாம் சிரிப்பு. கண்ணீர் மீசைக்குள் இறங்கியது.

வெளியே, ஜெயம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா... இன்னிக்கு நம்ம வீட்ல சாப்புட வர்றீங்களா?"