குளவிக் கூண்டில் ஆண்கள்!

"திருடி! என் குளவியை எவன்கிட்ட வித்தே?"

கனகலிங்கம் மேசையில் குத்தினார். ஸ்ரீ கெம்பாங்கானில் அவர் நடத்திய பூச்சி வளர்ப்புக் கூடமே அதிர்ந்தது!

"மரியாதையாப் பேசுங்க பாஸ்! நான் எதையும் விக்கல!"

டாக்டர் குணபூசணி. தோட்டப் புழுக்களை ஒழிக்கும் குளவிகளை வளர்ப்பவள். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமில்லை... அதற்கு அவள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் சொன்ன காரணங்கள் ஏராளம்!

எதிரே இன்ஸ்பெக்டர் நாகையா. கையில் விலங்கு!

"என்ன களவு போச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க லா."

"எங்க குளவியில ஆணே கிடையாது, இன்ஸ்பெக்டர்," என்றாள் குணபூசணி. "உடம்புக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு. தாயோட முட்டை வழியாத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் அதுக்குத் தண்டம்! அதனால, இணை சேராமலே எல்லாத்தையும் பொண்ணாப் பொறக்க வெச்சிடும்."

"கில்லாடிக் கிருமி!"

"இப்போ கூண்டு பூரா ஆண்!" கனகலிங்கம் கத்தினார். "நல்ல குளவியை வித்துட்டு, சாதாரணத்தைப் போட்டுட்டா! உள்ளே தள்ளுங்க!"

விலங்கு நெருங்கியது...

"ஒரு நிமிஷம்!"

குணபூசணி குளிர்பெட்டியைத் திறந்தாள். குளவிகளுக்குத் தீனியாக வைக்கும் தேன் போத்தல். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

அடியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ தூள்!

தொட்டு நக்கினாள்.

"கசக்குது... டெட்ராசைக்ளின்! பாக்டீரியாவைக் கொல்ற மருந்து. கிருமி செத்துச்சு, ஆண் பொறந்துச்சு! குளவி அதே குளவிதான்!"

"மருந்தைப் போட்டது யாரு?" என்றார் நாகையா.

வாசலில் சிரிப்புச் சத்தம். மதியச் சாப்பாட்டுடன் புனிதவதி, கனகலிங்கத்தின் மனைவி!

"வேற யாரு? இவர்தான்! மாத்திரை முழுங்க வராது. கேப்ஸ்யூலைப் பிரிச்சு, மொத்தமா தேன் போத்தல்ல கொட்டிக் குழைச்சு வெச்சுக்குவாரு. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இதே கூத்து..."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஆமா... உங்களுக்கு என்ன சீக்கு?"

கனகலிங்கத்துக்கு வியர்த்தது!

"இ... இருமல்."

"இருமல் மருந்தை வீட்டுல குடிச்சா இறங்காதா?"

நாகையா தொண்டையைக் கனைத்தார்.

"ஆன்டி... எங்க ஸ்டேஷன்லயும் சில பேர், போகக்கூடாத இடத்துக்குப் போய் வந்த சீக்குக்கு இதைச் சாப்பிட்டிருக்காங்க. பொண்டாட்டிக்குத் தெரியாமத்தான்!"

டங்! சாப்பாட்டுக் கேரியர் பறந்தது!

கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போன புனிதவதி திரும்பவே இல்லை. குணபூசணி நாகையாவைக் கட்டிக்கொண்டு செமினியில் குடியேறினாள்.

கனகலிங்கம்? சமையலுக்குப் பெண் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்.

வந்து நின்றவர்கள் பூராவும் ஆண்கள்!