நிற்காத ஒரு துளி

ரத்தம் நிற்கவில்லை.

நர்ஸ் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு. மறுபடி அழுத்தினாள். பத்து நிமிடம்... இன்னும் கசிவு.

"ஒரு ஊசிக் குத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த கடிகாரக்காரர்.

கடிகாரம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அல்சைமர், ஆரம்பக் கட்டம். இன்று ஏழாவது டிரிப்.

"சீக்கிரம் ஏத்துங்க சிஸ்டர்," என்றான் கூடவே வந்திருந்த மச்சான், அவர் மனைவியின் தம்பி. "மாமாவுக்குப் பசி தாங்காது."

"உங்க மாத்திரை டப்பாவைக் குடுங்க சார்."

கடிகாரக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். நாளுக்கொரு அறை. ஒவ்வொன்றிலும், டாக்டரின் மருந்துச் சீட்டில் இல்லாத ஒரு ரோஸ் மாத்திரை.

"இதை யார் நிரப்புறது?"

"இதோ நிக்கிற என் மாப்ளதான். தங்கமான பையன்."

தங்கம் வியர்த்தது.

நர்ஸ் இன்னும் ஏற்றாத டிரிப் பாட்டிலைக் கழற்றி வைத்தாள்.

"இந்த மருந்து ஒரு ஆன்டிபாடி. மூளையில படிஞ்சிருக்கிற புரதக் கசடு மேல போய், 'இது குப்பை'ன்னு சீட்டு ஒட்டும். உடம்போட எதிர்ப்பு சக்தியில மூளைக்குன்னே காவல்காரச் செல்கள் இருக்கு. அதுங்க வந்து குப்பையைத் தின்னும். திங்கிற வேகத்துல ரத்தக் குழாயிலயும் லேசா கசிவு வரலாம். பெரும்பாலும் தானா நின்னுடும்..."

"நிக்கலேன்னா?" என்றார் கடிகாரக்காரர்.

"இந்த ரோஸ் மாத்திரை ரத்தத்தை உறைய விடாது. ரெண்டும் சேர்ந்தா உயிரே போகலாம். எல்லாரும் மருந்தோட பக்கவிளைவுன்னு நினைச்சுக்குவாங்க. வசதியான கொலை."

மச்சான் கதவைத் திறந்தான். நர்ஸ் பெல்லை அழுத்திக் கூப்பிட்டிருந்த ஆஸ்பத்திரிக் காவலாளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மூணு வருஷமா செத்துச் செத்துப் பிழைக்கிறேன்," மச்சான் சுவரோடு சரிந்தான். "கார் ஏத்தி ஒருத்தனைக் கொன்னுட்டு நிக்காம போனேன். பக்கத்து சீட்ல மாமா. அக்காவுக்காக வாயை மூடிக்கிட்டாரு. அவருக்கு மறதி வந்துச்சு, அப்பாடான்னு இருந்தேன். மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னாரு... எல்லாம் ஞாபகம் வந்து எங்கேயாவது உளறிட்டா?"

கடிகாரக்காரர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"எந்தக் கார் மாப்ள?"



நர்ஸ் மச்சான் பக்கம் திரும்பி, புதுப் பஞ்சை எடுத்தாள்.

"இந்த மருந்து மறதியை மெதுவாக்கும், அவ்வளவுதான். போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டு வராது. அந்த விபத்தை நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லி ஞாபகப்படுத்திட்டீங்க... ஊசிகூட போடாம."