நாற்பதில் ஒரு பங்கு

வெயில் ஏறுவதற்குள் பிரகாசி மூன்று ஊர்க்காரர்களுக்காகச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான். சந்தை முக்கில் ஒரு மாணவர் கூட்டத்துக்குப் புட்டும் பயறும். அடுத்து, ஹெல்சிங்கியில் பனிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் காதுக்குள் கேட்டது.

"எங்களிடம் அதிகம் இல்லை. ஆனால் தீவுக்கு வந்ததுபோல் இருக்க வேண்டும். எங்கே சாப்பிடலாம்?" மொழிபெயர்ப்பி அவர்களுடைய பேச்சைச் செய்தி வாசிப்பவர் தமிழில் சொன்னது.

"அப்ப படகுத்துறைக்குப் போவோம்," என்றாள் பிரகாசி. "விடுதிக்காரன் எதைக் கேட்டாலும் தேங்காய்ப்பாலை ஊத்தி மூடிருவான். அங்க துட்டுதான் ஜாஸ்தி. துறையிலதான் மீனு மீனா இருக்கும்."

நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம், முத்துமுனைத் தீவில் எந்தப் பைக்கு எந்த அடுப்பு என்று பிரகாசியைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. கையில் கொஞ்சம் இருந்தால் துறைக்கடைகள், சுமாராக இருந்தால் தென்னந்தோப்புச் சாப்பாட்டு வீடுகள், கொழுத்த பணம் என்றால் நீலப்பாறை விடுதி. கேட்பவர்களில் ஒருவர்கூட இந்தத் தீவை மிதித்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

கடல் ஏறி விமானத்தளங்கள் முழுகிப்போய் ஒரு தலைமுறை ஆகிறது. அதற்காக விடுமுறை ஆசை மனிதனை விட்டுவிடுமா? உடம்பு வீட்டில் கிடக்கட்டும், நாக்கு மட்டும் பயணம் போகட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீவில் பிரகாசியைப் போன்ற சுவையாட்கள் நாக்கின் அடியில் ஒரு நாப்படலத்தை ஒட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். பணம் கட்டியவர் காதோரத்தில் ஏற்புப்படலத்தை ஒட்டிக்கொண்டால் போதும், அந்த ருசி நேராக அவர் மூளைக்குப் போய்விடும். இதை நடத்தும் நிறுவனத்துக்கு அறுசுவை அஞ்சல் என்று பெயர்.

மலிவானது கூட்டிலை. நாற்பது பேர் ஒரு சுவையாளைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு நாற்பதில் ஒரு பங்கு, கஞ்சித் தண்ணீர் மாதிரி. நாலிலையில் நான்கு பேர். இந்த இரண்டிலும் சாப்பிடுகிறவளுக்கு ஒன்றும் குறையாது. ஆனால் உச்சியில் இருக்கிறதே தனியிலை, அதன் கதை வேறு. அது ஒரே ஆளுக்கு, முழுசாக, எப்போதைக்கும். அவர் நினைத்தபோதெல்லாம் எடுத்து ருசிக்கலாம். தனக்கே சொந்தம் என்ற உறுதிக்காகத்தானே அவ்வளவு கொட்டிக் கொடுக்கிறார்? ஆகவே தனியிலை தொடங்கியதுமே சாப்பிடுகிறவள் நாக்கில் அந்தச் சுவைவழி அடைபட்டுவிடும். பிறகு திறக்காது.

அடைபடுவது பதார்த்தம் இல்லை, கை. படலத்துக்கு மீன் எது, நண்டு எது என்று தெரியாது. சமைத்தவர் கையைத்தான் தெரியும். புளியை எப்போது விட்டார், வெங்காயத்தை எவ்வளவு நேரம் பொறுத்தார், உப்பை முதலில் போட்டாரா கடைசியிலா என்று ஒவ்வொரு சமையல்காரருக்கும் ஒரு கைரேகை உண்டு. ஒரு கையை விற்றுவிட்டால், அந்தக் கை இனி எதைச் சமைத்துப் போட்டாலும் மண்தான்.

பிரகாசி இப்படித் தீவின் நல்ல கைகளையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றிருந்தாள். கடல் பிடுங்கிக்கொண்ட வீட்டுக்குப் பதிலாக மேட்டில் ஒரு வீடு எழுந்தது அப்படித்தான். அவளே சமைத்துக்கொள்ளலாம் என்றால், அவள் போட்டால் வெந்நீரும் கருகும். கவலை என்ன? வீட்டில் மிக்கேல் இருந்தான்.

மிக்கேல் அவளுடைய புருஷன். துறையில் நாலு பெஞ்சு போட்ட சின்னக் கடை. தன் கடைக்குத் தனியிலை கிடையாது, கூட்டிலை மட்டும் என்று கதவிலேயே எழுதி வைத்திருந்தான். அதற்கும் பிரகாசியைச் சுவையாளாக உட்கார விடமாட்டான். நாளெல்லாம் மண்ணை மென்றுவிட்டு வருகிறவளுக்கு அந்தி நேரத்தில் அவன் ஊற்றுகிற ஊளிமீன் குழம்பு ஒன்று போதும். முதல் கவளம் உள்ளே போனதும் அவள் தோள் இரண்டும் தானாகத் தளரும். அதைப் பார்க்கத்தான் அவன் எதிரே உட்கார்ந்திருப்பான்.

அன்று மூன்றாவதாக நீலப்பாறையில் ஒரு தனியிலை. சிங்கி இறால், பெரிய வாழையிலையில். வழக்கப்படி அது அவளுக்கு ஒரு ருசியும் தரவில்லை. சூடும் மெதுமெதுப்பும் மட்டும் தெரிந்தது. சுவையாட்கள் அடுக்களையை எட்டிப்பார்க்கக் கூடாது என்பது தீவில் கட்டுப்பாடான மரியாதை. நீலப்பாறையில் ரொசாரியோவின் கைதான், அது போன வருஷமே வேறொருவருக்கு விற்றுப்போன கை. யாரோ புதுச் சமையல்காரர் வந்திருக்கிறார் போல, அதனால்தான் மறுபடி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

மாலையில் மிக்கேல் குழம்பு ஊற்றினான். முதல் கவளம். ஒன்றுமில்லை. படலத்தைக் கழற்ற மறந்துவிட்டேனா என்று நாக்கைத் தடவிப் பார்த்தாள். கழற்றித்தான் இருந்தது.

"இன்னைக்கு ஒரு கூத்து," என்றான் மிக்கேல் சிரித்துக்கொண்டே. "ரொசாரியோ அண்ணனுக்குக் காய்ச்சல். காலையில நாந்தான் நீலப்பாறையில நின்னேன். அவ்வளவு பெரிய அடுக்களை பிரகாசி, அடுப்பைத் தேடவே நேரமாயிட்டு."

ஒரு சமையல்காரர் படுத்துவிட்டால் இன்னொருவர் சத்தமில்லாமல் போய் நிற்பது தீவின் பழக்கம். யார் நின்றார் என்று வெளியே சொல்லமாட்டார்கள். படுத்தவர் பெயர் கெடக் கூடாது. ஒரு பக்கம் அந்தப் பழக்கம், ஒரு பக்கம் இந்த மரியாதை. இரண்டுக்கும் நடுவில் பிரகாசி தன் புருஷன் கையைத் தானே விற்றுவிட்டு வந்திருந்தாள்.

வாயிலிருந்த கவளத்தை விழுங்கினாள். "நல்லாருக்குங்க," என்றாள். பாவம், வேறு என்ன சொல்வாள்? அடுத்த நாளும் நல்லாருக்கு என்றாள். அதற்கடுத்த நாளும்.

ஆனால் தோள் தளரவில்லையே. பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஒரு நாள் அவள் தட்டைக் காலிசெய்யும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு."

"இன்னைக்கு உப்பே போடல பிரகாசி."

அவள் தலை நிமிரவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவன் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினான்.

மறுநாள் இருவரும் அறுசுவை அஞ்சல் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த ஆல்வின் நல்ல பையன்தான், விதியை அவனா எழுதினான்? "வாங்கினவங்க மனசு வச்சா வழியைத் திறந்துவிடலாம் அக்கா. அவங்க சுவையை விட்டுக்கொடுக்கணும். கேட்டுப் பாக்கேன்," என்றான். பதில் அன்றே வந்தது. மொழிபெயர்ப்பி அதையும் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தது: "மன்னிக்கவும். நான் தனியாக வாழ்கிறேன். தினமும் மாலையில் அதைத்தான் சாப்பிடுகிறேன்."

பிரகாசிக்கு அந்த ஆள்மேல் ஆத்திரம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் தினமும் மாலையில் தோள் தளர உட்கார்ந்திருக்கிறார். அவள் அதே நேரத்தில் அதே கையால் பரிமாறிய சோற்றை மருந்துபோல விழுங்குகிறாள். இந்த நினைப்பு அவளைத் தின்றது. மிக்கேலின் மசாலாவை வைத்து அவன் தங்கச்சி சமைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தங்கச்சியின் குழம்பு.

வழி சொன்னவள் டெல்பின். மிக்கேல் கடையில் கூட்டிலைக்கு உட்காரும் சுவையாள். பக்கத்து வீட்டுப் பெண், தொழிலுக்குப் புதுசு. "அடைஞ்சது நாக்கு வழிதான அக்கா? ஏற்புப்படலம் காதோரமா போவுது. நீங்க ஏன் ஒரு பங்கு வாங்கக் கூடாது? நான் சாப்பிடுதேன், உங்களுக்கு வரும்லா," என்றாள்.

சொந்தப் புருஷன் கடையில், சொந்தத் தீவில், பிரகாசி சுற்றுலாப் பயணி ஆனாள். மூலைப் பெஞ்சில் காதோரம் படலத்தை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். எதிரில் டெல்பின் சோற்றைப் பிசைந்தாள். உலகமெங்கும் முப்பத்தொன்பது பேர், அவர்களோடு இவள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அடுத்த தெருவில் யாரோ தாளிப்பதுபோல, சின்ன வெங்காயமும் புளியும் லேசாக எட்டிப்பார்த்தன. மிக்கேலின் கைதான். பிரகாசி அழுதுவிட்டாள்.

"தெரியுதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டான் மிக்கேல்.

"லேசா."

அந்த 'லேசா' அவனைத் தூங்கவிடவில்லை. மறுநாள் குழம்பில் புளியைக் கூட்டினான். அதற்கு மறுநாள் மிளகையும். நாற்பதில் ஒரு பங்குதானே போகிறது, நாற்பது மடங்கு போட்டால் எட்டாதா என்பது அவன் கணக்கு. டெல்பினுக்குக் கண்ணில் நீர் முட்டும், வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகார் குவிந்தது. துறையிலேயே நல்ல கடை என்று எடுத்த பெயர் ஒரு மாதத்தில் நாறிப்போனது. பங்காளிகள் முப்பதானார்கள், பதினைந்தானார்கள்.

இதில் ஒரு விசேஷம் இருந்தது. ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் பங்கு பெருகும். பிரகாசிக்கு நாளுக்கு நாள் குழம்பு நெருங்கி வந்தது. அடுத்த தெருவிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து அடுக்களைக்கு. காரமும் உப்பும் அளவுக்கு மீறியிருந்தாலும் அடியில் அவன் இருந்தான். மிக்கேலும் இதைக் கண்டுகொண்டான். அதன்பிறகு அவன் வேண்டுமென்றே கெடுத்தான். உப்பை அள்ளிப் போடும்போது அவன் முகத்தில் ஒரு பிடிவாதம் தெரியும். தடுக்க வேண்டும் என்று பிரகாசிக்குத் தெரியும். தடுக்கவில்லை. அவ்வளவு ஏக்கம்.

ஒரு மத்தியானம் டெல்பின் முதல் கவளத்தை உருட்டி எடுத்தபோது, மேஜைமேல் பங்குகளை எண்ணிக்கொண்டிருந்த அஞ்சல் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தவரும் போய்விட்டார். பங்கு வாங்கியவள் பிரகாசி ஒருத்திதான். கதவில் எழுதியிருந்ததையெல்லாம் கருவி படித்துப் பார்க்குமா என்ன? ஒரே ஆள் என்றால் அதற்கு அது தனியிலை. டெல்பின் அந்தக் கவளத்தை வாயில் போட்டால் மிக்கேலின் கை முழுசாகப் பிரகாசிக்கு வந்துவிடும், சாகும்வரைக்கும். டெல்பின் நாக்கில் அந்த வழி அடைந்துவிடும்.

மிக்கேல் கரண்டியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான். அவன் கேட்கமாட்டான், ஆனால் அவனுக்கு ஆசை இருந்தது.

டெல்பின்தான் பேசினாள். "போட்டுக்கிடுதேன் அக்கா. எனக்கென்ன, ஊரு பூரா கை கெடக்கு. ஒண்ணு போனாப் போவுது."

பிரகாசிக்கு வாயூறியது. அதை மறைக்க முடியாது; மூன்று மாதமாக இதற்குத்தான் அவள் உயிர் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கவளம். அதன்பிறகு எந்த நாளிலும், எந்த நேரத்திலும் அது அவளுடையது. அவள் டெல்பினின் கையையே பார்த்தாள். விரல் நுனியில் குழம்பு வழிந்துகொண்டிருந்தது.

"நானும் ஒவ்வொண்ணுக்கும் அப்படித்தான் பிள்ள சொன்னேன்," என்றாள். "ஒண்ணு போனாப் போவுதுன்னு."

காதோரத்துப் படலத்தை உரித்து எடுத்தாள். கொஞ்சம் தோலும் வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"இப்பத் தின்னு."

டெல்பின் தயங்கி, கவளத்தை வாயில் வைத்தாள். முகம் கோணியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பிரகாசி.

"உப்புக் கரிக்கு அக்கா. வாயில வைக்க முடியல."

மிக்கேல் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலோரத்தில் கவிழ்த்தான். திரும்பிவந்து புதுசாகப் புளியைக் கரைத்தான். வெங்காயம் பொறுமையாக வதங்கியது. உப்பைக் கடைசியில் போட்டான், கை பழகிய அளவில்.

பிரகாசி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு டெல்பினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் மிக்கேலே பரிமாறினான். பிரகாசி பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். சூடு தெரிந்தது. மீன் மெத்தென்று உடைந்தது. வேறொன்றும் இல்லை.

"சொல்லு பிள்ள," என்றாள். "புளிப்பு முன்னால வருதா, மிளகு முன்னால வருதா?"

டெல்பின் மென்றுகொண்டே கண்ணை மூடினாள். அவள் தோள் இரண்டும் தளர்வதை மிக்கேல் பார்த்தான். பிறகு பிரகாசியைப் பார்த்தான். அவளும் டெல்பினின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.