டீசல் தொட்டியில் நல்ல தண்ணீர்

காலை 6.40. நங்கூரம் பாதி ஏறியிருந்தபோது இன்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது இருமலில் மூச்சை விட்டது.

தீவின் சிறிய வளைகுடாவில் அந்தப் பாய்மரப் படகு மட்டும்தான் நின்றது. பின்னால் ஐம்பதடியில் பாறைகள். நண்பகலுக்குள் காற்று திசை மாறும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. மாறினால் படகு நேராகப் பாறைமேல்தான். உள்ளே கொண்டுவந்த காற்றில் பாய் விரித்து வெளியேறவும் இடமில்லை.

படகின் சொந்தக்காரரை வீட்டிலேயே எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நங்கூரத்தை மறுபடி இறக்கிவிட்டு, இன்ஜின் அறைக்குள் இறங்கி ஃபில்டரைக் கழற்றினார். அதிலிருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"வழவழப்பே இல்ல. தண்ணி. யாரோ வேணும்னே கலந்திருக்காங்க."

அவர் முகம் மனைவி பக்கம் திரும்பியது. திரும்பிப் போய்விடலாம் என்று நான்கு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"ஆமா, சொன்னேன். வாயாலதான் சொன்னேன். கையால ஒண்ணும் செய்யல" என்றாள் அவள்.

படகில் மூன்றாவது ஆள் கேப்டனின் தங்கை. இருபத்திரண்டு வருடப் போலீஸ் இன்ஸ்பெக்டர், பத்து நாள் லீவில் வந்திருந்தாள். கண்முன்னே ஒரு குடும்பம் உடைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவளால் முடியவில்லை.

காலை 7.05. ஃபில்டர் திரவத்தைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தாள். டீசல் மேலே, தண்ணீர் கீழே. அடித் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். உப்பே இல்லை. கடல் நீர் கசியவில்லை.

"அண்ணா, மழை பெஞ்சதா?"

"பத்து நாளா ஒரு சொட்டு இல்ல."

காலை 7.20. சமையல் மேடை.

"அண்ணி, நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் மேல்தளத்துக்குப் போனீங்களா?"

"போகல. நீயும் என்னைத்தான் சந்தேகப்படுறியா?"

"எல்லாரையும்தான். என்னையும் சேர்த்து."

"அப்ப இந்தக் குழாயையும் விசாரி. நேத்து மத்தியானம் துறையில ஹோஸ் போட்டுத் தண்ணி நிரப்பினாரு. பாத்திரம் கழுவப் போனா வெறும் காத்தைத் துப்புது."

இன்ஸ்பெக்டர் குழாயைத் திருகிப் பார்த்தாள். பிறகு பயணப் பதிவேட்டைப் புரட்டினாள். நேற்றுக் காலை: டீசல் அரைத் தொட்டி. துறையிலிருந்து இங்கே வந்தது பாயில்தான். டீசல் வாங்கவும் இல்லை. இப்போது டீசல் அளவு காட்டும் முள் முக்கால் தொட்டியில் நின்றது.

"அண்ணி, ரெண்டு வாரமா இது உங்க கையெழுத்தா இருக்கே?"

"கண்ணாடியைக் காணோம், கை ஈரம்னு ஏதாவது சொல்லுவாரு. நானே எழுதிடுவேன்."

காலை 7.50. மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு பித்தளை மூடிகள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் டீசல், மற்றதில் தண்ணீர் என்று பளிச்சென்று பொறித்திருந்தது.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"என் படகு. எனக்குத் தெரியாதா?" அவர் கை மூடியை நோக்கி நீண்டது.

"தடவாதே. படி."

நீண்ட கை பின்வாங்கியது. அவர் படிக்கவில்லை.

"தண்ணியை ஊத்தினது நீதாண்ணா. தெரியாமத்தான் செஞ்சே. அண்ணி ஒரு செம்பு ஊத்தியிருந்தா டீசல் முள் அசைஞ்சிருக்காது. கால் தொட்டி ஏறியிருக்கு. அது ஹோஸ் தண்ணி. எப்பவும் படகுக்குள்ள நின்னு நிரப்புவே. உன் கைக்கு இடது மூடி தண்ணி. நேத்து துறை மேல நின்னு, எதிர்ப்பக்கமா குனிஞ்சே. இடது வலதாயிடுச்சு. கண்ணு தெரியற எவனும் எழுத்தைப் பார்த்திருப்பான். ஃபில்டர்ல இருந்ததை நீ கண்ணால பார்க்கவே இல்ல, விரலாலதான் பார்த்தே."

கேப்டன் தளத்திலேயே உட்கார்ந்தார். "ஒரு வருஷமா நடுவுல புகை மாதிரி மறைக்குது. சொன்னா படகைத் தொட விடமாட்டீங்கன்னு..."

"நான் ஏன் திரும்பலாம்னு சொன்னேன்னு நினைச்சீங்க?" என்றாள் மனைவி. "நாலு நாள் முன்னாடி ஒரு மிதவையை உரசற மாதிரி போனீங்க பாருங்க, அப்பவே உங்க கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சு. கேட்டா எரிஞ்சு விழுவீங்க."

"உன் மேல போய்ப் பழி போட்டேனே..."

"மன்னிப்பெல்லாம் கரையில கேட்டுக்கலாம். இப்ப தண்ணியை எடுங்க. காத்து நமக்காகக் காத்திருக்காது."

கைப்பம்பின் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கினார்கள். பெண்கள் இருவரும் மாறி மாறி அடித்தார்கள். கலங்கல் கேன் கேனாக நிரம்பியது. இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது. கேப்டன் புது ஃபில்டரைப் பொருத்தி, குழாய்களில் அடைத்த காற்றை ஒவ்வொரு திருகாகத் தளர்த்தி வெளியேற்றினார். அந்த வேலைக்கு அவர் விரல்களே போதும்.

காலை 11.10. முதல் முயற்சி, வெறும் உறுமல். மீண்டும் காற்றெடுத்தார். இரண்டாவது, கரும்புகை. மூன்றாவதில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதற்குள் காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. பாறைகள் முப்பதடியில் நுரைத்தன.

இன்ஸ்பெக்டர் நங்கூரத்தை ஏற்றினாள். கேப்டன் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தார். பிறகு விலகி, மனைவியின் கைகளை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்க!"

"உனக்குக் கண்ணு தெரியும். மத்ததை நான் சொல்றேன். பாறை எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். கிட்ட வந்துடுச்சு!"

"வலது பக்கம் ரெண்டு விரல் திருப்பு. போதும். பிடிச்சுக்கோ. விடாதே."

படகு பாறையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்த பிறகும் அவள் பிடி தளரவில்லை.

"இப்ப எந்தத் தீவுக்கு?" என்று கேட்டாள்.

"கண் டாக்டர் எங்க இருக்காரோ, அங்க" என்றார் கேப்டன்.